பேரன் மீட்டும் விளரி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாம் ஆண்டு நிறைவு என்பது மங்கல விழா. மங்கல மேடையில் இழவு வீட்டைப் பற்றிப் பேசுவது முறையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மாட்டுத்தாவணியின் பூச்சந்தைக்கு விடியற்காலையில் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இராது. மாலை கட்டுகிற கை ஒன்றுதான். மணமேடைக்குப் போகும் மாலையும் பாடைக்குப் போகும் மாலையும் ஒரே குவியலிலிருந்து பூ எடுக்கின்றன. பூவுக்கு இந்த வீடு, அந்த வீடு என்ற வேறுபாடு தெரியாது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பக்குடுக்கை நன்கணியார் கண்டதும் இதே காட்சிதான். ஒரு வீட்டில் சாப்பறை முழங்குகிறது; அடுத்த வீட்டில் மணமுழவு அதிர்கிறது. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள். மற்றொருத்தி கண்ணீர் பெருக்கி நிற்கிறாள். புறநானூற்றின் 194ஆம் பாட்டு இந்த இரண்டு வீடுகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. மணவீட்டு இசையைப் பற்றி நம்மிடம் நூல்கள் உண்டு, சபைகள் உண்டு, விருதுகள் உண்டு. சாவு வீட்டு இசையைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தைச் சற்று விலக்கி, ஒரு சிறிய கேள்வியை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மாட்டுத்தாவணியை அடுத்த ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். எண்பதைக் கடந்த அப்பத்தா ஒருத்தி கண்ணை மூடிவிட்டாள். பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் கண்ட உடம்பு. கல்யாணச் சாவு என்று ஊர் சொல்கிறது. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. வெளியூர் உறவினர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பேரன் கிதார் பயின்றவன். அவன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான்:

“பெரியப்பா, அப்பத்தாளுக்கு ஒரு பாட்டு வாசிக்கட்டுமா?”

“கேத வீட்டுல என்னடா கச்சேரி?” என்கிறார் பெரியப்பா.

“பேரப்பிள்ளை ஆசைப்படுறான், விடுங்கண்ணே” என்கிறாள் அத்தை. பிறகு அவனைப் பார்த்து, “என்ன பாட்டுய்யா வாசிப்ப?” என்கிறாள்.

பேரனிடம் விடை இல்லை. இது கற்பனை வீடுதான். ஆனால் இந்த மூவருடைய சொற்களும் கற்பனை அல்ல. பெரியப்பாவின் கேள்வி, இந்தக் கருவிக்கு இங்கே இடம் உண்டா என்பது. அத்தையின் கேள்வி, இடம் உண்டு என்றால் எந்தப் பாட்டு என்பது. முதற்கேள்வி எளியது, இரண்டாவது கேள்வியே கடினமானது.

முதற்கேள்விக்கு விடையைச் சங்க இலக்கியமே வைத்திருக்கிறது. சாவும் நரம்புக் கருவியும் தமிழனுக்குப் புதிய உறவல்ல. அரிசில்கிழார் பாடிய 281ஆம் புறப்பாட்டில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீடு வருகிறது. வீட்டில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகுகிறார்கள், வெண்சிறு கடுகைத் தூவுகிறார்கள், மணி ஒலிக்கிறார்கள், நறும்புகை இடுகிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அந்தப் பல இசைக் கருவிகளுக்கு நடுவே யாழும் ஒலிக்கிறது. உயிருக்கும் சாவுக்கும் இடையே கிடக்கிறவன் தலைமாட்டில் யாழ் இருந்திருக்கிறது.

வடமோதங்கிழாரின் 260ஆம் பாட்டு இன்னும் ஆழமானது. பாணன் ஒருவன் தலைவனைத் தேடிப் போகிறான். போகும் வழியில் யாழைத் தொடுகிறான். அவன் ஒரு பண்ணை இசைக்க எண்ணுகிறான். நரம்போ திரிந்து திரிந்து விளரியாகவே ஒலிக்கிறது. விளரி இரங்கற்பண். நெஞ்சு தளர்கிறது. கூந்தல் விரித்த பெண்ணைக் காண்கிறான். தெய்வத்தை வேண்டிக்கொண்டு நடக்கிறான். பிறகுதான் செய்தி தெரிகிறது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டுக் கொண்டுவந்த தலைவன் மாண்டுவிட்டான். அவன் பெயர் இப்போது மயிற்பீலி சூட்டி, துணிப்பந்தல் இட்ட கல்லின்மேல் இருக்கிறது.

இந்தப் பாட்டை மாட்டுத்தாவணியில் நினைப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீள்கயிறு. அவ்வாறு கட்டி வைத்து விற்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1999இல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு மாடு நின்ற இடத்தில் பேருந்துகள் நிற்கின்றன. பெயர் மட்டும் மாட்டோடு நிற்கிறது. மேற்கே, முன்பு மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த ஆண்டிபட்டிப் பகுதியில், புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல், ஆகோளில் இறந்தவன் ஒருவனைக் குறிக்கிறது. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டு, யாழ் மீட்டி, பெயர் சொல்லி இரங்கிய மண் இது. பெரியப்பாவுக்கு விடை இதுதான். கிதார் அயல்நாட்டுக் கருவிதான். ஆனால் நரம்பிசைக்குச் சாவு வீடு அயலிடம் அன்று.

பின்னர் யாழ் வழக்கொழிந்தது. அதன் இலக்கணத்தை மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். மட்டக்களப்பில் அவர் சமாதியின்மேல் பொறிக்கப்பட்டிருப்பது அவரே எழுதிய மலர்ப்பாட்டு. எந்த மலர் இறைவனுக்கு உகந்தது என்று கேட்டு, உள்ளத்தையே மலராக விடை சொல்லும் பாட்டு அது. எந்தப் பாட்டு என்ற கேள்விக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கை தந்த விடை அது எனலாம்.

நரம்பு போன பிறகு சாவு வீட்டில் தோலும் தொண்டையும் நின்றன. தோல் என்பது பறை. தொண்டை என்பது ஒப்பாரி.

பறையைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைத்துவிட்டுக் கலையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. சாவு வீட்டில் பறையடிப்பது ஒரு சாராரின் கடமையாகச் சுமத்தப்பட்டது. அடித்தவனுக்குக் கூலியாகக் கிடைத்ததைவிட இழிவாகக் கிடைத்தது மிகுதி. அதனால்தான் தென்மாவட்டங்களில் பல ஊர்களில் இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று அவர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அந்த மறுப்பு கலையை மறுத்ததன்று, அடிமைத்தனத்தை மறுத்தது. பிறகு அதே பறையைத் தாமாக விரும்பிக் கையில் எடுத்து மேடையேறினார்கள், பெண்களும் எடுத்தார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது இந்த நெடும் பயணத்தின் ஒரு மைல்கல். பேரன் கிதாரை எடுக்கும்போது இதையும் அவன் அறிந்திருக்க வேண்டும். பேரன் விரும்பினால் வாசிக்கலாம்; விரும்பாவிட்டால் பேசாமல் இருக்கலாம். அந்த உரிமை பல தலைமுறையாக இன்னொருவனுக்கு மறுக்கப்பட்ட இடத்தில்தான் அவன் நிற்கிறான்.

ஒப்பாரி பெண்களின் கலை. மு. அருணாசலம் 1943இல் வெளியிட்ட ‘காற்றிலே மிதந்த கவிதை’, நா. வானமாமலை 1964இல் தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளால் நாட்டுப்பாடல்கள் ஏட்டில் ஏறின. அவற்றோடு ஒப்பாரியும் படித்தவர் கவனத்துக்கு வந்தது. ஆனால் ஏட்டில் படிக்கும்போது தெரியாத ஒன்று, கேத வீட்டில் நின்று கேட்டால் தெரியும். ஒப்பாரி ஒருத்தி பாடி மற்றவர் கேட்கும் பாட்டன்று. வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாள். அமர்ந்திருப்பவளின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். தலையோடு தலை சேர்கிறது. ஒருத்தி எடுக்கிறாள், மற்றவள் தொடர்கிறாள், மூன்றாமவள் முடித்து வைக்கிறாள். மெட்டு எல்லோருக்கும் பொது. சொல் மட்டும் அவரவருடையது.

ஒப்பாரியின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதன் சட்டகம் பழையது. உள்ளே வெற்றிடங்கள் இருக்கின்றன. ‘என்னைப் பெத்த’ என்று தொடங்கும் இடத்தில் அம்மா வரலாம், அப்பா வரலாம். அடுத்த வெற்றிடத்தில் செத்தவர் கட்டிய சேலையின் நிறம் வரலாம், அவர் வளர்த்த பசு வரலாம், மூத்த மருமகள் கஞ்சி ஊற்றாத கதைகூட வரலாம். உயிரோடு இருந்தபோது சொல்ல முடியாத குறைகளைச் சொல்லப் பெண்ணுக்கு ஊர் தந்த அவை அது ஒன்றுதான். மகள் தன் சொந்தத் துயரத்தையும் அங்கேதான் இறக்கி வைக்கிறாள். செத்தது மாமியாராக இருக்கும். அழுவது போன வருடம் போன தன் பிள்ளைக்காக இருக்கும். சட்டகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

பட்டினத்தார் தம் அன்னையின் ஈமச் சடங்கில் பாடியவையாக வழங்கும் பாடல்கள் துறவி பாடியவை. ஆயினும் அவற்றின் எலும்பு ஒப்பாரியின் எலும்புதான். பெற்ற வயிறு, தூக்கிய கை, செல்லப் பெயர் சொல்லி அழைத்த வாய் என ஒவ்வொன்றாக நினைத்து, அந்த வாய்க்கா வாய்க்கரிசி, அந்த உடம்புக்கா தீ என்று அவர் கேட்கிறார். தத்துவம் பின்னால் வருகிறது. கையும் வாயும் முன்னால் வருகின்றன.

இனி அத்தையின் கேள்விக்கு வருவோம். என்ன பாட்டு?

பேரன் மனத்தில் முதலில் எழுவது தான் நன்றாக வாசிக்கிற பாட்டு. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் நிலாப் பாட்டு 1982இல் வெளிவந்தது முதல், தமிழ்நாட்டில் கிதார் பயிலும் இளைஞர் பலருக்கு அதன் தொடக்க மீட்டல் ஒரு தேர்வுபோல் ஆகிவிட்டது. விரல் அதைத் தானாகத் தேடும். வாசித்தால் கேட்பவர் வியப்பார்கள். துன்பம் அங்கேதான் தொடங்குகிறது. வாசிப்பு நன்றாக இருந்தால் ஒப்பாரி நின்றுவிடும். கட்டிய கழுத்தை விட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இளையவர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பார்கள். அழுதவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். பெரியப்பா சொன்ன ‘கச்சேரி’ என்ற சொல்லின் பொருள் இதுதான். அவர் கருவியைப் பழிக்கவில்லை. இந்த மாற்றத்துக்கு அஞ்சினார்.

இரண்டாவதாக நினைவுக்கு வருவது ஊர் அறிந்த திரைப்பாடல். 1962இல் ‘பாதகாணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய நிலையாமைப் பாட்டு, மெல்லிசை மன்னர்கள் விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில் வந்தது. உறவு எதுவரை, மனைவி எதுவரை, பிள்ளை எதுவரை என்று அது அளந்து காட்டும். அன்று முதல் ஒலிபெருக்கி கட்டிய கேத வீடுகளில் அதைக் கேட்காதவர் குறைவு. திரைப்பாட்டு என்று இதைத் தள்ளுவது இலக்கியவாதிக்கு அழகன்று. படிப்பறியாத கிழவியும் அறிந்த காஞ்சித்திணைப் பாட்டு அது. ஆனால் ஒலிபெருக்கி அதை இன்னொரு விதத்தில் கெடுத்துவிட்டது. நாள் முழுதும் சுழலும் ஒலியில் சொல் தேய்ந்து, தெருவுக்கு ‘இங்கே சாவு’ என்று அறிவிக்கும் அடையாளமாக அது சுருங்கிவிட்டது. மேலும் அது எல்லாச் சாவுக்கும் பொருந்தும் பாட்டு. எல்லாச் சாவுக்கும் பொருந்துவதால் இந்த அப்பத்தாளை அது தொடுவதில்லை.

மூன்றாவது வழி, சமயம் தரும் பாட்டு. சைவ வீட்டில் திருமுறை ஓதுவார்கள். வைணவ வீட்டில் பாசுரம் ஓதுவார்கள். கிறித்தவ வீட்டில் கீர்த்தனைப் புத்தகம் திறக்கும். மதுரைக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் பாடிய தமிழ்க் கீர்த்தனைகளை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் அச்சிட்டார். மேலைநாட்டு மெட்டில் மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டு ஒலித்த அடக்க ஆராதனைக்குள் தமிழ் இராகமும் தாளமும் வந்தன. அந்தக் கீர்த்தனைகளை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிமார்கள் பலர். அவர்கள் இறந்தால் அவற்றை வாசிப்பது இயல்பு.

ஆனால் கீர்த்தனையும் எல்லோரையும் உள்ளே விடுவதில்லை என்று மதுரையிலேயே ஒருவர் சொன்னார். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு அவர். பரட்டை அண்ணன் என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர். கருநாடக இசையும் மேலை இசையும் பயின்றவர்க்கே கைவரும். நாட்டுப்புற இசையை யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம் என்பது அவர் கொள்கை. வழிபாடு முழுவதையுமே நாட்டுப்புற மெட்டில் அமைத்துக் காட்டினார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி உண்பதை அவர் தம் இறையியலின் உருவகமாகக் கொண்டார். ஒரு பாட்டு நல்லதா என்பதற்கு அவர் தந்த அளவுகோலை இவ்வாறு சுருக்கலாம்: அதை இன்னொருவர் எடுத்துத் தம் சொல்லை அதில் போட முடியுமா?

இந்த அளவுகோல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1997 செப்டம்பர் 6ஆம் நாள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் எல்டன் ஜான் பாடினார். அது புதிய பாட்டன்று. 1973இல், மறைந்த நடிகை மர்லின் மன்றோவை நினைத்துப் பெர்னி டாபின் எழுதியது. மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார்கள். உலகமே கேட்ட அந்தப் பாட்டு, இலக்கணப்படி ஓர் ஒப்பாரி: சட்டகம் பழையது, வெற்றிடத்தில் பெயர் புதியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாட்டை ஊதிக்கொண்டு போவார்கள்; உடலைப் பிரிந்து திரும்பும்போது ஆட்டத்துக்குரிய விரைவான இசை எழும்; தெருவே சேர்ந்துகொள்ளும். கல்யாணச் சாவுக்கு ஆடிக்கொண்டு போகும் நம் ஊர்க்காரருக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி.

அப்படியானால் இந்தப் பேரன் எதை எடுப்பது? அவனிடம் ஒரு பாட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதை அவன் மறந்திருக்கிறான். அப்பத்தா அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோது பாடிய தாலாட்டு அது.

தாலாட்டும் ஒப்பாரியும் உடன்பிறந்தவை. இரண்டும் பெண் பாடுவன. இரண்டும் மறுமொழி சொல்லாத ஒருவரை முன்னிலைப்படுத்துவன. தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீர் வரும். ஒப்பாரியில் பிறந்த வீட்டுக் கோடி வரும். தாலாட்டில் ‘யார் அடித்தார்’ என்று பிள்ளையின் குறையைக் கேட்பாள். ஒப்பாரியில் தன் குறையைத் தானே சொல்வாள். இரண்டிலும் இழுவை உண்டு, ஆட்டம் உண்டு, மூச்சு முட்டும் இடத்தில் ஒரு தேம்பலும் உண்டு. வாழ்வின் இரு வாசல்களிலும் ஒரே குரல்தான் நிற்கிறது. உறங்க வைத்தவளை உறங்க வைக்க அவள் தந்த பாட்டைவிடப் பொருத்தமான வேறொன்று இல்லை.

இறந்தவர் தாத்தாவானால் தாலாட்டு அவர் பாட்டாக இராது. அவர் கமலை இறைத்தபோதோ வண்டி ஓட்டியபோதோ பாடிய தெம்மாங்கு இருக்கும். ஆலைக்குப் போனவரானால் சைக்கிளில் முணுமுணுத்த பழைய நாடகப் பாட்டு இருக்கும். பேரன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. தாத்தாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தாத்தாவின் வாயில் எது இருந்தது என்று கேட்டால் வீடு முழுவதும் ஒன்றையே சொல்லும்.

பாட்டைத் தேர்ந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எப்படி வாசிப்பது என்பது மீதிப் பாதி. கிதாரின் கழுத்தில் கட்டைகள் பதித்திருக்கின்றன. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அது படியேறிப் போகும். தாலாட்டோ ஒப்பாரியோ படியேறுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகும். நரம்பை இழுத்து வளைத்தால் ஓரளவு கிட்டும், முழுதும் கிட்டாது. ஆகவே பேரன் குரலைத் துரத்த வேண்டியதில்லை. அடி நரம்பு ஒன்றைத் தம்பூராவைப்போல் மெல்ல மீட்டிக்கொண்டு, மெட்டின் தொடக்கத்தை மட்டும் ஒருமுறை காட்டினால் போதும். சுருதி அவன் விரலுக்கு வசதியானதாக இருக்கக் கூடாது. அழுது கம்மிய கிழவிகளின் தொண்டைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். சுருதியை ஏற்றக் கழுத்தில் இடுக்கி மாட்டலாம்; இறக்க வேண்டுமானால் நரம்புகளையே தளர்த்த வேண்டும். அந்த இரவில் தளர்த்துவதே பெரும்பாலும் தேவைப்படும். ஒலிபெருக்கி கூடவே கூடாது. மரப்பெட்டியின் ஓசை எட்டும் தூரமே அந்தப் பாட்டின் எல்லை.

எப்போது வாசிப்பது என்பதும் முக்கியம். பகலில் வருவோரும் போவோரும், அவர்களைக் கண்டு எழும் ஒப்பாரியும் நிரம்பியிருக்கும். அங்கே கிதாருக்கு வேலை இல்லை. நீர்மாலை எடுக்கும்போதும், கோடி போடும்போதும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றும்போதும் சடங்குக்குரிய ஒலி உண்டு. பேரனின் கை அப்போது பந்தத்தைப் பிடிக்க வேண்டும்; நரம்பை அன்று. தெருமுனைக்கு அப்பால் பெண்கள் வருவதில்லை. தத்தனேரிக்கோ மூலக்கரைக்கோ போகும் வழி பறைக்கும் சங்குக்கும் உரியது. எஞ்சுவது உடல் காத்திருக்கும் நள்ளிரவு. அழுதவர்களின் தொண்டை வற்றி, மூலைக்கொருவராகச் சாய்ந்திருக்கும் வேளை. விளக்கு எரிகிறது. யாரும் பேசவில்லை. அந்த வெற்றிடத்தில் பேரன் மெட்டின் முதல் ஆறேழு சுரங்களைத் தொட்டுவிட்டு நிறுத்தலாம். சுவரில் சாய்ந்திருக்கும் அத்தை அடையாளம் கண்டுகொள்வாள். “இது ஆத்தா பாடுறதுல்ல?” என்பாள். பிறகு சொல் அவள் வாயிலிருந்து வரும். இன்னொருத்தி சேர்வாள். தாலாட்டு நடுவழியில் தானாகவே ஒப்பாரியாகத் திரியும். பாணனின் நரம்பு விளரியாகத் திரிந்ததும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பேரன் அப்போது அடி நரம்பை மட்டும் விடாமல் பிடித்திருந்தால் போதும். யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள். வாசிப்பு வெற்றி பெற்றதன் அடையாளம் அதுதான்.

யாரும் சேர்ந்து பாடாமலும் போகலாம். முதல் சுரங்களுக்குப் பின் மௌனமே நீடித்தால் அந்த மௌனத்தைப் பேரன் மதிக்க வேண்டும். கிதாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அப்பத்தாளின் கால்மாட்டில் உட்கார்ந்தால் போதும்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் இசையைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டு நடந்த எந்த வட்டத்திலும் சில நாற்காலிகள் காலியாகியிருக்கும். இரங்கற்பா எழுதும் கடமை கவிஞர்களுக்கு வந்திருக்கும்; இனியும் வரும். கிதார் பிடித்த பேரனின் சோதனை அப்போது எழுதுகோல் பிடித்தவருக்கும் வருகிறது. நம் இரங்கற்பாக்களில் பெரும்பாலானவை எப்படி இருக்கின்றன? தமிழ்த்தாய் கண்ணீர் விடுகிறாள், வானம் இருள்கிறது, இமயம் சாய்கிறது. பெயரை அழித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதினால் அந்தப் பாட்டு அப்படியே இன்னொருவருக்கும் ஆகிவிடும். எழுத்தறியாத பெண்ணின் ஒப்பாரி இதற்கு நேர்மாறு. அவள் சட்டகத்தை இரவல் வாங்குகிறாள். உள்ளே வைக்கும் பொருள் இரவலன்று. நாமோ சட்டகத்தில் புதுமை செய்யப் பாடுபடுகிறோம். உள்ளே வைப்பதை இரவல் வாங்குகிறோம்.

மறைந்த உறுப்பினர் கூட்டத்துக்கு எந்தப் பேருந்தில் வருவார், எந்த இடத்தில் உட்கார்வார், யார் கவிதை படிக்கும்போது தலையை ஆட்டுவார், யாரோடு எதற்குச் சண்டையிட்டார் என்பவையே அவருக்குரிய இரங்கற்பாவின் சொற்கள். சண்டையையும் எழுதலாம். ஒப்பாரி அதற்கு இடம் தந்திருக்கிறது. படித்து முடித்ததும் கைதட்டல் எழுந்தால் அந்தப் பாட்டு எழுதியவருக்குச் சேர்ந்தது. படித்து முடித்ததும் யாராவது எழுந்து, “இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது” என்று தொடங்கினால் அந்தப் பாட்டு மறைந்தவரைப் போய்ச் சேர்ந்தது.

மாட்டுத்தாவணியில் பூச்சந்தை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நாளை காலையும் அங்கே இரண்டு வகை மாலைகளும் கட்டப்படும். எந்த மாலை எந்த வீட்டுக்கு என்பது கட்டுகிறவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ இருக்கலாம். பூ வாடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். பேரனின் பாட்டுக்கும் கவிஞனின் சொல்லுக்கும் அந்தக் கவனம் இருந்தால் போதும்.